கடலில் இறங்க மறுத்தவள்

திருகோணமலையில் கண்டி வீதி பஸ்ஸில் லக்சனா ஏறினால் நடத்துநர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். "வெயா கோயிங், மேடம்?" என்பார்கள். "கப்பல்துறைச் சந்தி. பின்னுக்கு இடமிருக்கா அண்ணை?" என்று அவள் கேட்டதும் பக்கத்தில் இருப்பவர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். இருபத்தேழு வயதில் இதெல்லாம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. கானா நாட்டுத் தகப்பனின் நிறமும் இறுகச் சுருண்ட தலைமயிரும் அவளுக்கு அப்படியே வந்திருந்தன. தாய் ஜெயரூபியிடமிருந்து வந்தது மூக்கும் கோபமும்தான்.

தகப்பன் ஜோசப் ஒரு சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் வேலை செய்தவர். 1997ஆம் ஆண்டு முதலாளி கைவிட்டதால் அந்தக் கப்பல் திருகோணமலைத் துறைமுகத்தில் பதினொரு மாதம் கட்டிக்கிடந்தது. மாலுமிகள் உடுப்புத் தோய்க்கக் கொடுத்த கடையில் ஜெயரூபி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் பதிவுத் திருமணம் செய்தார்கள். கப்பலை விற்று மாலுமிகளை ஊருக்கு அனுப்பியபோது லக்சனா தாயின் வயிற்றில் நாலு மாதம். போனவர் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் சொல்லப்பட்ட கதை இவ்வளவுதான்.

லக்சனா பட்டினத்தில் ஒரு நூலகத்தில் உதவியாளராக வேலை செய்தாள். புத்தகங்களுக்கு இலக்கமிட்டு அடுக்குவது அவள் பொறுப்பு. இரண்டு இனத்துக்குப் பிறந்த பிள்ளை வரும் நாவல் எது கையில் அகப்பட்டாலும் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிப்பாள். வாசிக்கத் தொடங்குமுன் கடைசிப் பக்கத்தைப் புரட்டி அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள். அப்படி இருபத்தொரு புத்தகம் வாசித்திருந்தாள். பதினாலில் பிள்ளை செத்துப்போயிற்று. நாலில் கப்பலேறிப் போய்விட்டது. மீதி மூன்றில் எழுதியவரே பாதியில் பிள்ளையை மறந்துவிட்டார். சினிமா இன்னும் மோசம். அவளைப் போன்ற முகம் வந்தால் கையில் கத்தி இருக்கும், இல்லையென்றால் பாட்டுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருக்கும்.

போன வருடம் கிண்ணியாவிலிருந்து நஸ்ரி என்ற இளைஞன் நூலகத்துக்கு வந்தான். கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பவன். துறைமுகத்தைப் பற்றிக் குறும்படம் ஒன்று எடுக்கப் பழைய கப்பல்களின் படம் தேடினான். லக்சனாவைக் கண்டதும் தேடிய புத்தகத்தை மறந்துவிட்டான். இரண்டு நாள் கழித்துக் கதைப்பிரதியோடு வந்தான்.

"மிஸ், கோவிக்காதீங்க. இத உங்களப் பாக்க முந்தியே எழுதினது. நடிக்க ஆள் கிடைக்காமத்தான் கிடந்திச்சு."

மாலுமி ஒருவன் கைவிட்டுப்போன பெண் பிள்ளையின் கதை அது. அவள் தினமும் பின்னேரம் கடற்கரையில் நின்று கப்பல்களைப் பார்க்கிறாள். படம் முழுக்க மூன்று வசனம்தான் பேசுகிறாள். கடைசியில் கடலில் இறங்கி நடந்து மறைந்துவிடுகிறாள்.

லக்சனா மேசையிலேயே வைத்து வாசித்து முடித்தாள்.

"தம்பி, நான் ஒருநாளும் கடலைப் பாத்துக்கொண்டு நிண்டதில்லை. அஞ்சே காலுக்கு எனக்கு பஸ். அதை விட்டா ஆறரைக்குத்தான் அடுத்தது."

"அது ஒரு குறியீடு மிஸ்."

"எனக்கு நீந்தவும் தெரியும். உப்புவெளிக் கடலில பழகினனான். நான் ஏன் தாழவேணும்?"

நஸ்ரி தலையைச் சொறிந்தான். அந்தக் கடைசிக் காட்சிக்கென்று மாமாவின் தோணியைக் கூடக் கேட்டு வைத்திருந்தான். ஆனாலும் நல்ல பிள்ளை. "அப்ப நீங்களே சொல்லுங்க, அவ என்ன செய்வா?" என்று கொப்பியைத் திறந்தான். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் இருவரும் இருந்து கதையை மாற்றி எழுதினார்கள். பஸ் வந்தது, நூலகம் வந்தது, சிக்கெடுக்கப் பல் அகலமான சீப்பு தேடிக் கடை கடையாக அலைந்தது வந்தது. தகப்பன் கைவிட்டுப் போனது மட்டும் அப்படியே இருந்தது. அதில் மாற்ற ஒன்றுமில்லை என்று லக்சனா நினைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் கிடந்த பிரதியை ஜெயரூபி எடுத்து வாசித்தாள். மீன் வெட்டிய கையைக் கூடச் சரியாகத் துடைக்கவில்லை.

"பிள்ளை, இந்த மனுசனை இப்பிடி எழுதக் கூடாது."

"நீங்கள் சொன்னதைத்தானே அம்மா எழுதினது."

"நான் சொன்னது பொய்." ஜெயரூபி கதிரையில் இருந்தாள். "அவர் கூப்பிட்டவர். கடுதாசி போட்டவர், விசா எடுக்கிற தாளெல்லாம் அனுப்பினவர். நான்தான் போகேல்லை."

"ஏன்?"

"பயம். அவரின்ர பாசை தெரியாது, இங்கிலிசும் ஒழுங்காத் தெரியாது. உன்னைத் தூக்கிக்கொண்டு கொழும்பு வரைக்கும் போகவே பயந்தனான். மூண்டு வருசம் எழுதினவர். நான் மறுமொழி போடேல்லை."

"அதை ஏன் எனக்கு மறைச்சனீங்கள்?"

"விட்டிட்டுப் போட்டான் எண்டு சொன்னா சனம் பாவம் பாக்கும். நான் போகேல்லை எண்டு சொன்னா என்னையெல்லோ கேள்வி கேக்கும். பிறகு நீ கேக்கிற வயதுக்கு வந்திட்டாய். மாத்திச் சொல்ல ஏலாமப் போச்சு."

லக்சனா எழுந்து அறைக்குள் போய்விட்டாள். மூன்று நாள் தாயோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தன் சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டாள். கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது. கைவிட்டுப்போன தகப்பனை விளங்கிக்கொள்ளவே அத்தனை புத்தகத்தையும் வாசித்திருந்தாள். அவற்றில் ஒன்றில்கூடப் பிள்ளையைக் கூப்பிட்ட தகப்பன் இல்லை. எழுதியவர்கள் சொன்னதும் அம்மா சொன்னதும் ஒத்துப்போனதால் அவள் சந்தேகப்படவேயில்லை.

நாலாம் நாள் ஜெயரூபி அலுமாரியிலிருந்து ஏழு கடிதங்களை எடுத்துவந்து மகளின் கட்டிலில் வைத்தாள். இலகுவான ஆங்கிலம். மூன்றாவது கடிதத்தில், பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டிருந்தார். லக்சனா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு வெளியே வந்தாள்.

"எனக்கு எப்ப பல்லு முளைச்சது?"

"எட்டாம் மாசம். கீழ்ப்பல்லு," என்றாள் ஜெயரூபி. அதோடு இருவரும் மறுபடி பேசத் தொடங்கினார்கள். கோபம் முழுதாய்ப் போக இன்னும் நாளெடுத்தது.

தாயைக் கேட்டுத்தான் படத்தின் கதையை மாற்றினார்கள். "என்னை நல்லவளாக் காட்ட வேண்டாம். பயந்தவள் எண்டு காட்டுங்கோ," என்றாள் ஜெயரூபி. லக்சனாவே நடித்த இருபத்திரண்டு நிமிடப் படம் அது. பட்டினத்து மண்டபம் ஒன்றில் காட்டியபோது அறுபது பேரளவில் வந்திருந்தார்கள். முடிந்ததும் முன்வரிசையிலிருந்த ஒருவர் எழுந்து நஸ்ரியைப் பார்த்து, "இந்த ஆபிரிக்கப் பிள்ளையை எங்கயிருந்து கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? தமிழ் டப்பிங் திறமா இருக்கு," என்றார்.

லக்சனா ஒலிவாங்கியை வாங்கினாள். "கப்பல்துறையிலிருந்து ஐயா, பஸ்ஸில வந்தனான். டப்பிங் இல்லை, என்ர வாய்தான்."

மண்டபம் சிரித்தது. கேட்டவரும் கூச்சத்தோடு சிரித்தார். இரண்டாம் வரிசையில் இருந்த ஜெயரூபி சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "அது என்ர மகள்," என்று சொல்லிவிட்டு மறுபடி அமர்ந்தாள். ஊரார் முன் அவள் இப்படிப் பேசி யாரும் கண்டதில்லை.

கடிதங்களிலிருந்த முகவரிக்கு லக்சனா எழுதினாள். ஐந்து மாதம் பதில் இல்லை. பிறகு ஒருநாள் மதியம் தெரியாத இலக்கத்திலிருந்து வாட்சப்பில் செய்தி வந்தது. எழுதியவன் எபெனேசர், ஜோசப்பின் பிந்திய மணத்தில் பிறந்த மகன், கானாவின் தேமா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவன். அப்பா ஆறு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார், இலங்கையில் தனக்கு ஒரு பிள்ளை இருப்பதை வீட்டில் ஒளிக்காமல் சொல்லியிருந்தார் என்று எழுதியிருந்தான்.

லக்சனா நூலகத்தின் பின்கட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு தாய்க்கு அழைத்துச் செய்தியைச் சொன்னாள். அவர் எந்த மாதம் காலமானார் என்று ஜெயரூபி கேட்டாள். கடைசியில், "அந்தப் பொடியன் உன்னை மாதிரியே இருக்கிறானோ? ஒரு படம் அனுப்பச் சொல்லு," என்றாள்.

லக்சனா கேட்டு எழுதினாள். அடுத்த நிமிடமே படம் வந்தது. கீழே அவன் ஒரு கேள்வியும் போட்டிருந்தான்: உங்கள் பக்கம் என்ன மீன் பிடிபடும்?

அவள் மீன்களின் பெயரை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினாள்.