பால்கூட ஆகாத ஒருபொழுது

போன வாரம் என் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துவிட்டு, "எதுக்குப்பா உன்கிட்டயே வந்து வந்து ரத்தம் எடுக்கறாங்க?" என்று பாப்பா கேட்டாள். தம்பி, "அப்பா ரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தி, அத எடுத்து விக்கறாங்க" என்றான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் பாப்பா கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. வாயால் சொன்னால் பாதியில் சிரிப்பாகிவிடும். அதனால் எழுதுகிறேன். நான் படித்தது பத்தாவது வரைதான். தப்பாக எழுதியிருந்தால், பெரியவர்களானதும் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் நான் வேலை செய்யும் கம்பெனியில் போன வருஷம் எல்லோருக்கும் உடம்பைப் பரிசோதித்தார்கள். என் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், வயிற்றையும் பார்த்தார், ரிப்போர்ட்டையும் பார்த்தார். எடையைக் குறைக்காவிட்டால் இருதயத்துக்கு நல்லதில்லை என்றார். உங்கள் தாத்தா மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்தவர். மைன் மூடியபின் ஒரு நாள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அவர் ரத்தத்தில் என்ன ஓடியது என்று யாரும் பார்த்ததில்லை. எனக்கு அந்த நினைப்பு வந்துவிட்டது.

அந்த டாக்டர்தான் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். எடை குறைக்கும் சாப்பாட்டை எழுதிக் கொடுப்பார்கள், மாதாமாதம் பார்ப்பார்கள். பதிலுக்கு நாம் ரத்தம் கொடுக்க வேண்டும். சேர்ந்தேன். எல்லோரையும் இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் சாப்பாடு குறைவுதான். ஒரு கூட்டத்துக்கு மட்டும் அந்தக் குறைந்த சாப்பாட்டில் பயறு, முட்டை, மீன் அதிகம். கம்ப்யூட்டர் என்னை அந்தக் கூட்டத்தில் போட்டது.

முதல் நாள் ரத்தம் கொடுக்கப் போனபோது, லேபில் இருந்த அம்மா, "ஏனாதரு திந்திரா?" என்று கன்னடத்தில் கேட்டார். ஏதாவது சாப்பிட்டீர்களா என்று அர்த்தம். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

"இல்லம்மா. ஒருபொழுதுதான். ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் மட்டும்" என்றேன்.

அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு தமிழில், "அண்ணா, அது எந்த ஊரு பட்டினி?" என்றார்.

நம் வீட்டில் கிருத்திகைக்கு ஒருபொழுது இருந்தால் சோறுதான் ஆகாது. பால் ஆகும், பழம் ஆகும், உப்புமாகூட ஆகும். சாமிக்கு ஆகிறது டாக்டருக்கு ஆகாதா என்று உங்கள் அம்மாவிடம் பேசிக்கொண்டுதான் அந்தப் பாலைக் குடித்தேன். லேப் அம்மா கோபப்படவில்லை. என்னை உட்காரவைத்து, எதற்காகப் பாலும் ஆகாது என்று சொன்னார். பாப்பாவின் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

கொழுப்பு தண்ணீரில் கரையாது, ரத்தத்தில் தானாக ஓடாது. அதனால் அதைக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளில் ஏற்றித்தான் உடம்பு அனுப்புகிறது. ரிப்போர்ட்டில் கெட்ட கொழுப்பு, நல்ல கொழுப்பு என்று போடுகிறார்களே, அவை எல்லாம் இந்த உருண்டைகளின் கணக்குதான். அவற்றில் கொழுப்பு மட்டும்தான் போகிறது என்று ரொம்ப காலம் நினைத்திருந்தார்களாம். பிறகுதான் தெரிந்ததாம், அதே வண்டியில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற துளியூண்டு சங்கிலிகளும் ஏறிப் போகின்றன என்று. அந்தச் சங்கிலி ஒரு செல்லுக்குள் போனால், "இந்தச் சரக்கை இப்போது அதிகம் செய்யாதே" என்று அடக்கிவைக்குமாம்.

எனக்கு உடனே தாத்தா சொன்னது ஞாபகம் வந்தது. சுரங்கத்து ஷாஃப்டில் ஏறி இறங்கும் கேஜ் என்ற கூண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும், அது எல்லோருக்கும் தெரியும். சில நாள் கீழேயிருந்து மேஸ்திரி ஒரு சீட்டு எழுதி, மேலே போகிறவன் கையில் கொடுத்தனுப்புவாராம். "இந்த லெவலுக்கு இன்றைக்கு மரம் அனுப்ப வேண்டாம்." அவ்வளவுதான் சீட்டு. மேலே வேலை நின்றுவிடும். இதை லேப் அம்மாவிடம் சொன்னேன்.

"கரெக்ட் அண்ணா. கேஜை எண்ணறவங்க நிறைய பேர் இருக்காங்க. நாங்க சீட்டைப் படிக்கறோம். எடை குறைஞ்சா சீட்டு மாறுதா, பயறு தின்னா ஒரு மாதிரி, தின்னாட்டி ஒரு மாதிரி மாறுதான்னு பாக்கணும். நீங்க பால் குடிச்சிட்டு வந்தா ரத்தத்துல புது வண்டிங்க வந்து நெரிசலாயிடும்."

மறு வாரம் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தேன். அப்போது அவர் இன்னொன்றும் சொன்னார். ஆரம்பத்தில் எடுத்த ரத்தமும் கடைசியில் எடுக்கும் ரத்தமும் ஒரு ஜோடி. கடைசி ரத்தம் குறித்த நாளுக்குள் சரியாக வராவிட்டால் முதல் ரத்தத்தாலும் பிரயோஜனம் இல்லை. அதை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். வீட்டில் உங்கள் அம்மா எனக்கென்று தனியாகப் பயறு அவித்தாள். களி உருண்டை பாதியானது. நீங்கள் இரண்டு பேரும் மிக்சர் டப்பாவை என் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. கஷ்டம் ரயிலில்தான் வந்தது.

நம் ஊரிலிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் நாங்கள் விடியற்காலையில் ஏறும் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. பங்காருப்பேட்டை தாண்டியதும் எல்லா டப்பாவும் திறக்கும், திறந்ததும் கை மாறும். அவரவர் டப்பாவை அவரவர் சாப்பிடுவது கிடையாது. ஒருவர் திறக்காமல் மற்றவர் திறப்பதும் கிடையாது. நான் மூடிய டப்பாவோடு உட்கார்ந்திருந்த முதல் நாள், எதிர் சீட்டு எலக்ட்ரீஷியன் என் மடியையே பார்த்தார்.

"இன்னாண்ணே, தொறக்க மாட்டியா? உள்ள தங்கம் கிங்கம் வெச்சினுகீறியா?"

சீட்டுக் கதை வரைக்கும் விஷயத்தைச் சொன்னேன். கார்மெண்ட்ஸில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருத்தி எங்களோடு வருவாள், நம் ஊர் ஸ்கெலட்டன் காலனிக்காரி. அவள் யோசித்துவிட்டு, "டப்பா சுத்தாம எப்டிப்பா? நீ துன்றதையே நாங்களும் கொண்டாரோம். அப்ப சுத்தலாம்ல" என்றாள்.

சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து ஆளுக்கொரு சுண்டல். மொச்சை, பச்சைப்பயறு, கொள்ளு. நான் லேபில் கேட்டேன், கப்பில் அளந்து சாப்பிட்டால் சரி என்றார்கள். அக்கா தன் டப்பாவிலேயே ஒரு கப்பைப் போட்டுக் கொண்டுவந்தாள்.

"என் பொண்டாட்டி கொள்ளு அவிச்சி அவிச்சி என்ன குதிரையாக்கிட்டா. இனிமே ரயில் எதுக்கு, நானே ஓடிடுவேன் பெங்களூருக்கு" என்றார் எலக்ட்ரீஷியன்.

"ஓடு, ஓடு. உனக்கும் தொப்ப கொறையும்" என்றாள் அக்கா.

என் பேண்ட் இடுப்பில் தளர்ந்தது. அம்மா இரண்டு முறை பிடித்துத் தைத்தாள். இப்படியே கடைசி ரத்தம் கொடுக்கும் நாளும் வந்தது. ஒரு தடவை ஜுரத்தால் தள்ளிப்போட்டிருந்ததால், அதுதான் குறித்த கெடுவின் கடைசி நாள். பத்து மணிக்குள் லேபில் இருக்க வேண்டும். முந்தின இரவு சாப்பிட்டது, அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்தான்.

ரயில் மாலூரை நெருங்கும்போது நின்றது. சிக்னல் என்றார்கள். பிறகு முன்னால் ஏதோ வண்டி பழுதாகி நின்றுவிட்டது என்றார்கள். வெயில் ஏறியது, ரயில் நகரவில்லை. எனக்கு வயிறு காய்வதைவிட அந்த முதல் ரத்தம் வீணாகப் போகப்போகிறதே என்பதுதான் பெரிதாக இருந்தது. இவ்வளவு பேர் எனக்காகச் சுண்டல் தின்றிருக்கிறார்கள்.

லேபுக்குப் போன் செய்தேன். "பதினொண்ணு வரைக்கும் காத்திருப்பேன். அதுக்கு மேல மெஷின் வேலை ஆரம்பிச்சிடும் அண்ணா. தண்ணி மட்டும் குடிங்க" என்றார் அந்த அம்மா.

டீக்காரர் பெட்டிக்குள் ஏறினார். அக்கா கையை நீட்டி மறித்தாள். "இந்தப் பக்கம் வராதீங்க, போங்க. இங்க ஒரு ஆளு ஒருபொழுதுல கீறாரு. வாசனகூட ஆகாது."

"வாசன மூக்குல போறது, ரத்தத்துக்கு எப்டிக்கா போவும்?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"யாருக்குத் தெரியும்? கொழுப்பு சீட்டு தூக்கினு போறதையே இப்பதான கண்டுபுடிச்சாங்க."

பெட்டியே சிரித்தது. அப்போதுதான் கவனித்தேன், பங்காருப்பேட்டை தாண்டி எவ்வளவோ நேரமாகியும் ஒரு டப்பாவும் திறக்கவில்லை. "நீங்க சாப்புடுங்க. எனக்குத்தான் ரத்தம் எடுக்கறாங்க, உங்களுக்கில்ல" என்றேன். அக்கா டப்பாவைப் பையில் இன்னும் கீழே தள்ளிவைத்தாள். நான் திறக்க முடியாத நாளில் அவர்கள் திறப்பதாக இல்லை.

ஒரு வழியாக ரயில் கிளம்பியது. இறங்கியதும் எலக்ட்ரீஷியன் எனக்கு முன்னால் ஓடி ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். லேப் கதவைத் தள்ளும்போது பதினொன்றாகக் கொஞ்சம்தான் இருந்தது. லேப் அம்மா ஊசியோடு தயாராக நின்றார்.

"பால்?" என்றார்.

"வாசனகூட இல்லம்மா" என்றேன்.

ரத்தம் குழாயில் ஏறும்போது கேட்டேன், என் சீட்டு மாறியிருக்குமா என்று. "ஒருத்தர் ரத்தத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது அண்ணா. எல்லாருடையதும் சேரணும். ஒரு வேளை ஒண்ணுமே மாறலன்னுகூட வரலாம். அதுவும் பதில்தான்" என்றார். குழாயின் மேல் லேபிள் ஒட்டிவிட்டு, "ஜோடி சேந்தாச்சு" என்றார்.

பாப்பா, இதற்காகத்தான் என்னிடமே ரத்தம் எடுத்தார்கள். என் எடை குறைந்தது, டாக்டர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அது எனக்குக் கிடைத்தது. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது, பிறகு வரும் யாருக்கோ உதவலாம். உங்களுக்காகவும் இருக்கலாம். தாத்தாவிடம் யாரும் கேட்காததை என்னிடம் கேட்டார்கள், எனக்கு அது போதும்.

லேபில் ஒரு இட்லிப் பொட்டலம் கொடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பிரிக்கும்போது போன் அடித்தது. கார்மெண்ட்ஸ் அக்கா. பின்னால் தையல் மெஷின்களின் சத்தம்.

"இன்னாப்பா, குத்தியாச்சா?"

"ஆச்சுக்கா. கையில இட்லி கீது."

"அப்ப சரி. நீ துன்னு, நான் டப்பா தொறக்கறேன். அந்தக் கொள்ளுக் குதிரைக்கும் ஒரு போன் போட்டுடு, பாவம் பசியோட கீறான்."