சரளா கேட்ட கிளிப்பச்சைச் சேலை

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா, "எங்க வூட்டுக்காரரை விடவா?"ன்னு கேட்டுச் சிரிக்கிறவ நான். நீயும் சிரி கண்ணு, பரவால்ல. முழுசாக் கேட்டுட்டுச் சிரி.

தொண்ணூறுகள்ல மைசூர்ல எங்க ஏரியா கேபிள்காரரு சொந்தமா ஒரு சேனல் நடத்துனாரு. சாயங்காலமானா ஜனங்க போன் பண்ணிப் பாட்டு கேப்பாங்க, டிவியில உக்காந்து அவங்களோட பேசுறது எங்க பக்கத்து வூட்டு மாதம்மா மக சரளா. வூட்டுல தமிழ்தான், ஆனா டிவியில எல்லாம் கன்னடத்துலதான். யாரு பேசுனாலும் மொதல்ல "ஊட்டா ஆய்த்தா?"ன்னு, சாப்டாச்சான்னு கேப்பா, கேட்டுட்டுத் தலையச் சாச்சுக்கிட்டு பதில் வர்ற வரைக்கும் காத்திருப்பா. அந்தச் சாய்ப்புக்காகவே பாதி ஆம்பளைங்க போன் பண்ணாங்க.

நல்ல சேலை ஏது அவளுக்கு? தெருவுல எல்லார்கிட்டயும் எரவல்தான். நாங்க பாட்டா கேட்டோம், இன்னிக்கு யாரு சேலைன்னுதான் பாத்தோம். முடிஞ்சதும் ஓடிவந்து மடிச்சுக் குடுத்துருவா. அங்க லைட்டு சூட்டுக்கு, சேலை இஸ்திரி போட்டாப்ல கதகதன்னு இருக்கும். குடுத்துட்டு, "பெரிம்மா, எங்கம்மா பாத்துச்சா?"ம்பா.

மாதம்மா எங்க பாத்தா? ராமாபுரத்துக்காரி, அந்த ஊருக்கே உள்ள புடிவாதம். "ஊருக்கே பல்லக் காட்டுறவள எவன் கட்டுவான்?"னு அந்த நேரம் பாத்து மாவாட்ட உக்காந்துருவா. "பாத்தாடி, ஜன்னல் சந்துல"ன்னு நான் புளுகுவேன்.

அப்புறம் சரளாவுக்கு மஞ்சக்காமாலை. ஆஸ்பத்திரிக்குப் போனா கண்ணெல்லாம் மஞ்சளா கெடக்குறா, அப்பவும் "பெரிம்மா, வெள்ளிக்கிழம வந்துருவேன், உங்க கிளிப்பச்சைய எடுத்து வெய்ங்க"ன்னா. "உன் கண்ணுக்கு மஞ்சச் சேலதான்டி எடுக்கும்"னேன். சிரிச்சா. வெள்ளிக்கிழம வர்றதுக்குள்ள போய்ட்டா.

காரியமெல்லாம் முடிஞ்சும் மாதம்மா சோத்துல கை வெக்கல. கேபிள் ஆபீசுக்குப் போயி, "எம்புள்ளைய ஒரே ஒரு தடவ டிவியில காட்டுங்க சாமி"ன்னு நின்னா. எதக் காட்டுவாங்க? எல்லாமே நேரடியாப் போனது, கேசட்டுல ஒரு துண்டுகூட புடிச்சு வெக்கல.

ஒரு சாயங்காலம் எங்க வூட்டுக்கு வந்து, அதே பாட்டு நேரத்துக்கு, டிவி முன்னால உக்காந்துட்டா. "போடுக்கா"ங்குறா. போட்டா கொர்ருனு வெறும் புள்ளி. அமத்தப் போனேன், கையப் புடிச்சுக்கிட்டா. அப்ப வந்தா பாரு. நம்புனா நம்பு, நம்பாட்டிப் போ, சரளாதான், என் கிளிப்பச்சையக் கட்டிக்கிட்டு. அந்தச் சேனல்ல ஒரு நாளும் தமிழ் பேசாதவ, "அம்மா, சாப்டியா?"ன்னா. தலையச் சாச்சுட்டா. காத்துக்கிட்டே இருக்கா.

"இல்லடி சாமி"ன்னா மாதம்மா.

"சாப்புடும்மா."

நான் கெடந்த ரசஞ்சோத்தத் தட்டுல போட்டு நீட்டுனேன். அழுதுக்கிட்டே தின்னா. தட்டுல கை கழுவுற வரைக்கும் மக பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் மறுபடி புள்ளி.

மறுநா கேபிள் ஆளு ஏணியோட வந்து நிக்குறான். "தென்னமட்ட விழுந்து வயரு அறுந்து போச்சும்மா, நேத்து மத்தியானத்துலருந்து உங்க தெருவுக்கே லைன் இல்ல"ங்குறான். அன்னியிலருந்து மாதம்மா வேளாவேளைக்குச் சாப்ட்டா, டிவி பக்கம் மட்டும் திரும்பவேயில்ல.

ஒண்ணு அவகிட்டகூட நான் சொல்லல. அந்தச் சாயங்காலம் சாப்ட்டுட்டு அவ எந்திரிச்சுப் போனதும் பீரோவத் தொறந்தேன். கிளிப்பச்சை வெச்ச எடத்துலயே, வெச்ச மடிப்பு கலையாம இருந்துச்சு. தொட்டேன். கதகதன்னு இருந்துச்சு.

எத்தன வூடு மாத்துனோம், அந்தச் சேலையும் கூடவே வருது. கட்டுறதில்ல, அதுக்கப்புறம் தொட்டதுமில்ல. பயமான்னு கேக்குற. ஆமா கண்ணு, பயந்தான். தொட்டு, சில்லுனு இருந்துட்டா?