கண்டக்டர் சொன்ன ஊர்கள்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த சமயம். பஸ் மீது யாரோ எறிந்த கல் அந்தக் கண்டக்டரின் தலையில் பட்டது. மூளையில் அடி, ஞாபகம் போய்விட்டது, இனி வேலை பார்க்க முடியாது என்று நஷ்டஈடு கேட்டுக் கள்ளக்குறிச்சியில் வழக்குப் போட்டார். நான் பஸ் முதலாளியின் வக்கீல்.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, ஆள் நன்றாக இருக்கிறார் என்றார் எங்கள் டாக்டர். எலும்பு முறியாமலே மூளை பாதிக்கப்படலாம் என்றார் அவர் தரப்பு டாக்டர்.

கண்டக்டர் ஒல்லியான மனிதர். எதைக் கேட்டாலும், டிக்கெட் கிழிக்கப் போகிறவர் போல முதலில் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்வார்.

"உங்க பஸ் நிக்கிற ஊரெல்லாம் வரிசையா சொல்லுங்க" என்றேன் கோர்ட்டில்.

விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு தியாகதுருகம், ரிஷிவந்தியம், மணலூர்பேட்டை என்று திருக்கோவிலூர் வரைக்கும், நடுவிலுள்ள சின்ன நிறுத்தங்களைக்கூட விடாமல் சொன்னார். இவருக்கா ஞாபகம் போய்விட்டது என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

சாயங்காலம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்டக்டர் கும்பிட்டார்.

"சார், ஊரெல்லாம் சரியா சொன்னனா?"

"சரியா சொன்னீங்க."

கட்டைவிரல் நாக்குக்குப் போனது. "அதுல என் வூடு எந்த ஊருலங்க இருக்குது?"

அவர் முகவரி வழக்குக் கட்டில் இருந்தது. "ரிஷிவந்தியம்" என்றேன்.

"இன்னா சார், டக்குனு சொல்லிட்டீங்க! உங்களுக்கு ஞாபகம் ஜாஸ்திங்க" என்று சிரித்தார்.

நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அந்தக் கேள்வியை அவர் அன்றைக்கே மறந்திருப்பார். அவர் சொன்னது சரிதான், எனக்கு ஞாபகம் ஜாஸ்தி.