கடலுக்கு நடுவே ஒரு நல்ல தண்ணீர் அறை

மழை பொய்த்தால் கோவில்பட்டியில் எல்லோருக்கும் நஷ்டம் என்று சொல்ல முடியாது. அப்பா கடையில் விற்றது பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடம் கரிசக்காடு முழுக்க வெடித்துக் கிடந்தது, தொட்டிகள் பறந்தன. தொட்டிக் கம்பெனிக்காரர்கள் மனம் குளிர்ந்துபோய் எங்கள் மூன்று பேருக்கும் இலங்கைக்கு விமான டிக்கெட் கொடுத்தார்கள். தங்கும் இடத்தை மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ‘மட்டும்’ என் உயிரை எடுத்துவிட்டது.

கடல் எனக்குப் புதிது இல்லை. திருச்செந்தூரில் பார்த்திருக்கிறேன், மொட்டைத் தலைகளுக்கு நடுவே, அம்மாவின் பிடியில், கொஞ்சமாக. எனக்கு வேண்டியது ஜன்னலைத் திறந்தால் கடல். காலையில் எழுந்து செருப்புப் போடாமல் நடந்து போய்க் காலை நனைக்கிற மாதிரியான கடல். வகுப்பில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியும் வைத்திருந்தேன்.

சித்தப்பா கம்ப்யூட்டரில் தேடி விடுதிகளின் எண்களை எழுதிக்கொண்டு வந்தார். நீர்கொழும்பு, காலி, திருகோணமலை என்று பெயர்களைக் கேட்கக் கேட்க எனக்கு வாயெல்லாம் பல். அப்பா போனை வாங்கினார். அறை எப்படி, வாடகை என்ன, கடல் எவ்வளவு தூரம், எதுவும் கேட்கவில்லை.

“தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்க வருது?”

எதிர்முனையில் “வாட்?” என்றார்கள். அப்பா இன்னும் பலமாகக் கேட்டார். நீர்கொழும்புக்காரர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, சித்தப்பா போனை வாங்கிக் கேட்டுவிட்டு, “நீங்க என்ன கேக்குதீங்கன்னே அவியளுக்குப் புரியல அண்ணே” என்றார். திருகோணமலைக்காரர் தமிழர். தண்ணீர் எந்நேரமும் வரும், கொஞ்சம் உப்புக் கரிக்கும், அவ்வளவுதான் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான்.

“ஏலே, கடக்கரைன்னா தண்ணி உப்பாத்தான் இருக்கும். உள்ள தள்ளிப் பாரு” என்றார் அப்பா.

உள்ளே தள்ளித் தள்ளி, நாலு பக்கமும் கடல் உள்ள தீவில் கடலே தெரியாத ஊராகப் பார்த்து நிறுத்தினார். கண்டி. மலைமேல் ஒரு சின்ன விடுதி, ஊற்றுத் தண்ணீராம், இனிக்குமாம். அழுதேன். சாப்பிடமாட்டேன் என்றேன். கடைசி நாள் விமானம் ஏறுவதற்கு முன்னால் நீர்கொழும்புக் கடற்கரையில் இரண்டு மணி நேரம் என்று அப்பா என் தலையில் கைவைத்துச் சொன்ன பிறகுதான் சாப்பிட்டேன். அம்மாவுக்கு எந்த ஊர் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கண்டி அறைக்குள் நுழைந்ததும் அம்மா செய்த முதல் வேலை, குளியலறை வாளியை நிரப்பியது. அப்புறம் குவளை, பாட்டில்கள், கைகழுவும் தொட்டியையும் அடைப்பை மூடித் தளும்பத் தளும்ப நிரப்பினாள். துண்டு கொண்டுவந்த பையன் அதைப் பார்த்துவிட்டு, குழாய் ரிப்பேரா என்று கேட்டான். மானம் போனது. மறுநாளும் அதே கூத்து. மூன்றாம் நாள் வாளி காலியாகக் கிடந்தது. மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறோம் அல்லவா, அதனால் நிரப்பவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் காலை ஆறு மணிக்கு வேன் வாசலில் நின்றது. நான் ஐந்து மணிக்கே தயார். அம்மா குளிக்கப் போனவள் வரவில்லை. ஆறேகால், ஆறரை. உள்ளே ஷவர் கொட்டிக்கொண்டே இருந்தது. கதவைத் தட்டினேன்.

“இந்தா வாரேன்டி.”

ஏழு மணிக்குக் காலால் உதைத்தேன். “இந்தா வாரேன்டி.” டிரைவர் ஹாரன் அடித்தார். அப்பாவோ வேன் பக்கத்தில் நின்றுகொண்டு, “அடிக்காதீங்க அண்ணாச்சி, இருக்கட்டும்” என்று அவரிடம் சொல்கிறார். மனைவியை ஒரு சத்தம் போடத் துப்பில்லாத மனிதர் என்று என் மனதுக்குள் அவரையும் திட்டினேன்.

ஏழேகாலுக்கு அம்மா வந்தாள். தலை துவட்டாமல் சேலையெல்லாம் நனைந்திருந்தது. அப்படிச் சிவந்த முகத்தோடு அவளை நான் பார்த்ததே இல்லை.

“தண்ணி நிக்கவே இல்லட்டி” என்றாள்.

“அடைச்சா நிக்கும்!” என்று கத்தினேன்.

வழியெல்லாம் நெரிசல். நீர்கொழும்புக்குத் திரும்பும் சாலையைத் தாண்டி வேன் நேராக விமான நிலையத்துக்குப் போனது. கடலை மேலே இருந்து, இறக்கைக்குப் பின்னால் துண்டாகப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன். ஊருக்கு வந்தும் ஒரு வாரம் பேசவில்லை.

எங்கள் வீட்டில் எல்லோரும் குளித்து மிச்சம் இருந்தால்தான் அம்மாவுக்குக் குளியல். இல்லையென்றால் முகம் கழுவிக்கொள்வாள். தினமும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஆனால் அந்தக் கதவை உதைத்தபோது, உள்ளே இருந்தவள் வாழ்நாளில் முதல் தடவையாக அளக்காமல் குளித்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. வெளியே நின்ற அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.