விமானத்துக்கு வீட்டு வரி

எண்பதுகளின் பிற்பகுதியில், சென்னைக்கு மேற்கே ஒரு நகராட்சியின் வருவாய்ப் பிரிவில் உதவியாளராக இருந்தேன். வீடு மேனாம்பேட்டில். புதிதாக எழும்பும் கட்டடங்களை அளந்து சொத்து வரி போடுவது எங்கள் பிரிவின் வேலை. வயல்களெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்த காலம் அது. கத்திரிச் செடி நின்ற இடத்தில் அடுத்த முறை போகும்போது மாடி வீடு நிற்கும்.

ஒரு நாள் காலையில் எங்கள் பில் கலெக்டர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

"மேடம், பூந்தமல்லி போற ரோட்டாண்ட ஒருத்தரு ஏரோப்ளேன் வாங்கி வச்சிகினு கீறாரு."

"பொம்மையா?"

"நெசம் ப்ளேன் மேடம். உள்ள புள்ளைங்க ஒக்காந்து படிக்குதுங்க. கரண்டு கூட இழுத்துகீறாங்க."

வருவாய் ஆய்வாளர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கரண்டு என்றதும் நிமிர்ந்தார். "போய் அளந்துட்டு வாங்க" என்றார்.

நானும் பில் கலெக்டரும் டேப்பை எடுத்துக்கொண்டு போனோம். முள்வேலிக்குப் பின்னால் ஒரு தகர ஷெட், ஓர் அலுவலக அறை, அவற்றுக்கு முன்னால் அந்த விமானம். மூக்கைத் தூக்கி, வாலைத் தரையில் ஊன்றி நின்றது. இறக்கைகளின் வெளிப்பாதிகளைக் கழற்றி ஷெட்டுக்குள் வைத்திருந்தார்கள். எஞ்சின்கள் இரண்டும் அப்படியே இருந்தன. டயர் வீணாகாமல் இருக்க அடியில் மரக்கட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அதுவரை விமானம் என்றால் மீனம்பாக்கத்தை நோக்கித் தலைக்கு மேலே போகும் ஒரு வெள்ளைக் கோடுதான் எனக்கு. பக்கத்தில் நின்று பார்த்தபோது கழுத்து வலித்தது.

உரிமையாளர் விமானப் படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கம். ஏலத்தில் எடுத்த விமானத்தை லாரியில் கட்டி இழுத்து வந்து, விமானப் பழுது பார்க்கக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"அளந்துக்கோங்கம்மா. செருப்பை மட்டும் வெளியில விட்டுட்டு ஏறுங்க" என்றார்.

உள்ளே தரை மேட்டுப்பாதை போல ஏறிக்கொண்டே போனது. இருபக்கமும் இருக்கைகள், மேலே ட்யூப் லைட், முன்னால் ஒரு கரும்பலகை. டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நான் விமானியின் இடம் வரை ஏறினேன். அங்கே கண்ணாடிக்குக் கீழே எத்தனையோ முட்கள், கைப்பிடிகள். ஒவ்வொன்றையும் யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். இத்தனையையும் கவனித்துக்கொண்டே ஒரு மனிதன் மேகத்துக்குள் போனான் என்பதை நினைத்து நின்றுவிட்டேன். பின்னாலிருந்து பில் கலெக்டர், "மேடம், எவ்ளோ அடி வருது?" என்று கேட்கும் வரை அளவைப் பார்க்கவே இல்லை.

ஆய்வாளரின் கணக்கு எளிமையானது. கூரை இருக்கிறது, கதவு இருக்கிறது, விளக்கு இருக்கிறது, கட்டைமேல் அசையாமல் நிற்கிறது, உள்ளே வகுப்பு நடக்கிறது. ஆகவே அது கட்டடம். ஷெட்டோடு சேர்த்து விமானத்துக்கும் வரி போட்டார். உரிமையாளர் ஆட்சேபம் தெரிவித்து மனுக் கொடுத்தார். ஆனாலும் ஒவ்வோர் அரையாண்டும் வரியைத் தவறாமல் கட்டினார். "பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டா பசங்க எங்க போவாங்க" என்பார். மனு மேசை மேசையாக நகர்ந்து, கடைசியில் நீதிமன்றம் வரை போனது.

அதற்குள் புதிய ஆணையர் ஒருவர் வந்திருந்தார். தாமே நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று எங்களையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

உரிமையாளர் சட்டம் எதுவும் பேசவில்லை. "சார், கட்டடம் நகருமா?" என்று மட்டும் கேட்டார்.

"நகராது."

அவர் மாணவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். கட்டைகளை முன்பே எடுத்துவிட்டு டயருக்குக் காற்றடித்து வைத்திருந்தார்கள். முன் சக்கரங்களில் வடம் கட்டியிருந்தது. பையன்கள் வடத்தைப் பிடித்தார்கள். பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வரப்பில் ஏறி நின்றார்கள். முதல் இழுப்பில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதில் எங்கோ ஒரு கிரீச். பிறகு அந்தப் பெரிய உடம்பு மெல்ல, தன் விருப்பத்தோடு வருவது போல, எங்களை நோக்கி உருண்டு வந்தது. அதன் நிழல் என் காலைத் தொட்டது. நான் என்னையறியாமல் பின்வாங்கினேன். ஆணையரும் பின்வாங்கினார்.

"ஊடு நடந்து வருது மேடம்" என்று பில் கலெக்டர் என் காதருகே சொன்னார்.

அந்த வாரமே சமரசம் ஆயிற்று. விமானம் கட்டடம் அல்ல, அதற்கு வரி இல்லை. ஷெட்டும் அலுவலக அறையும் கட்டடம்தான், அவற்றுக்கு வரி உண்டு. இதுவரை விமானத்துக்காகக் கட்டியதை ரொக்கமாகத் திருப்பித் தர நகராட்சிக்கு வசதி இல்லை. அதனால் ஷெட்டுக்கு இனி வரும் அரையாண்டு வரிகளில் அந்தத் தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வது, அவர் வழக்கைத் திரும்பப் பெறுவது என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்டன. ஆய்வாளர்கூட, "நல்லதுதான். கட்டடம்னு எழுதினதுக்கப்புறம் எனக்கே உறுத்தலாத்தான் இருந்துது" என்றார். கழித்து முடியச் சில வருடங்கள் ஆயின. அதுவரை அந்தப் பள்ளி எங்களுக்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டியிருக்கவில்லை.

உத்தரவை நேரில் கொடுக்க நான்தான் போனேன். உரிமையாளர் வாங்கிப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. பசங்க இடதுபக்க எஞ்சினைச் சரி பண்ணிட்டாங்க. இப்ப ஓட்டிப் பார்க்கப் போறோம். வேலி ஓரமா நில்லுங்க."

முதலில் எஞ்சினின் விசிறி தயங்கித் தயங்கிச் சுற்றியது. கறுப்புப் புகை குப்பென்று வந்தது. பிறகு எழுந்த சத்தத்தை நான் காதால் கேட்டேன் என்று சொல்ல முடியாது. நெஞ்செலும்பு கேட்டது, உள்ளங்கால் கேட்டது. விசிறி கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. அதன் பின்னால் புல் முழுவதும் ஒரே பக்கமாகப் படுத்தது. சாலையில் ஒரு பேருந்து நின்று, ஆட்கள் இறங்கி வேலியோரம் வரிசையாக வந்து நின்றார்கள். உரிமையாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது புகையாலா, வேறெதனாலா என்று எனக்குத் தெரியாது. என் முகமும் நனைந்திருந்தது.

திரும்பிப் போகும்போது பேருந்தில் நடத்துனர் இரண்டு முறை என்னிடம் ஏதோ கேட்டார். எனக்கு ஒன்றுமே காதில் விழவில்லை. சில்லறையை அப்படியே நீட்டினேன்.