ஆவாரம்பட்டை நிறத்துச் சுவர்

வேப்பங்கொழுந்து ஒன்றை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார் இருதயநாதன். வெள்ளையடிக்கக் கூப்பிட்ட வீட்டுக்காரர் பின்னால் நின்று இரண்டு முறை செருமிவிட்டார். இவர் திரும்புவதாக இல்லை. "பச்சைன்னு ஒத்தச் சொல்லுல சொல்லிட்டீக. எந்தப் பச்சை? கொழுந்து ஒரு பச்சை, முத்துன இலை ஒரு பச்சை. ரெண்டும் இந்த ஒரே மரந்தான்."

திண்டுக்கல் மேட்டுப்பட்டிக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். இமை மயிரில் எப்போதும் நாலைந்து சுண்ணாம்புப் பொட்டு இருக்கும். முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் வாளியைத் தொடுவார். சட்டைப் பையில் பீடிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூசணிப்பூ, எரியோட்டுப் பக்கம் பொறுக்கிய கம்பங்கதிர், காகிதத்தில் மடித்த செம்மண். துணி துவைக்கிற மனைவி அன்னாள் தலையில் அடித்துக்கொள்வாள். "ஊருல இருக்கிற கொல்லையெல்லாம் இந்த மனுசன் பையிலதான் கெடக்கு!"

சாயப்பொடியைச் சுண்ணாம்பில் கரைத்ததும் சுவருக்குப் போகமாட்டார். ஓட்டுச்சில்லு ஒன்றில் தடவி வெயிலில் வைப்பார். காய்ந்தபிறகு பையிலிருந்து பூவையோ கதிரையோ எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். "ஈரத்துல எல்லா நெறமும் பொய் சொல்லும். செத்த நேரம் பொறுங்க." இருட்டு அறைக்குப் பூசணிப்பூ, அடுப்படிக்குக் கம்பு, படுக்கிற அறைக்கு விடிகாலை வானம் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. படுக்கிற அறைக்குச் சிவப்பு கேட்ட ஒரு வக்கீலிடம், "தூக்கம் வேணுமா, செவப்பு வேணுமா?" என்று கேட்டுவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வேலை முடிந்து சுவர் காய்ந்ததும், ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துக்கொண்டே நடப்பார். கையில் பொடி ஒட்டக்கூடாது. அதேபோல் அவர் அடித்த சுவரில் பழைய கறை திரும்பி வரவும் கூடாது. "என் செவுத்துல பழசு எட்டிப் பாக்காது" என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. அதற்காக எண்ணெய் இறங்கிய பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசுவார்.

அம்பத்தெட்டாம் வருஷம், பேகம்பூரில் ஒரு வீடு. தோல் வியாபாரம் செய்த அப்துல் ஜப்பார் ராவுத்தர் இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மகன் முகமது பாரூக்குக்கு இன்னும் பத்து நாளில் கல்யாணம். பெண் வீடு ஆத்தூர்ப் பக்கம், நெல் விளைகிற குடும்பம். கூடத்துக்கு நாற்றுப் பச்சை அடிக்க வேண்டும் என்றான் பாரூக். பிறகு குரலைத் தாழ்த்தி, சுவரில் ஓர் இடத்தைக் காட்டினான். உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில், தட்டு அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. "அத்தா இருபது வருசமா தலை சாச்ச எடம். எண்ணெ எறங்கிருச்சு. பொண்ணு வீட்டுக்காரவுக வந்து ஒக்கார்ற கூடம் பாருங்க. கொத்தி எடுத்துருங்க." சொல்லும்போது அவன் அந்தக் கறையைப் பார்க்கவில்லை. அவனுக்கும் அது லேசான காரியம் அல்ல.

அவன் தோல் மண்டிக்குப் போனபின் இருதயநாதன் உளியை எடுத்தார். உள்கட்டுத் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ராவுத்தரின் மனைவி நஜ்முன்னிசா.

"அண்ணே, அந்த எடத்தைக் கொத்தித்தான் ஆகணுமா?"

"எண்ணெக் கறைம்மா. மேலே என்ன அடிச்சாலும் எட்டு நாள்ல மறுபடி தெரியும்."

திரை லேசாக அசைந்தது. பிறகு, "ராத்திரி தொழுதுட்டு வந்து அங்கனதான் ஒக்காருவாக. மொட்டைத் தலை. அம்புட்டும் நான் தேச்ச எண்ணெண்ணே" என்றது குரல். மகனிடம் சொல்லாதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னது. கல்யாண வீட்டில் பிள்ளை மனம் கோணக்கூடாதாம்.

இருதயநாதன் உளியை வைத்துவிட்டார். "இருங்கம்மா, பாப்போம்" என்றார்.

அன்று பிற்பகல் மண்டிக்கே போய்ப் பாரூக்கைப் பார்த்தார். கொத்தினால் புதுப் பூச்சு காய இருபது நாள் ஆகும், கல்யாணத்தன்று அந்த இடம் ஈரமாகத் தெரியும் என்றார். தட்டு அகலப் பூச்சு நாலு நாளில் காய்ந்துவிடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். சனிக்கிழமை மாதா கோயிலில் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டிய பொய்தான். தெரிந்தேதான் சொன்னார்.

"அப்ப என்னதான் செய்றது?"

அங்கே கிடந்த, பதனிட்ட தோல்துண்டு ஒன்றை இருதயநாதன் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இந்த நெறம். தோலைப் பதம்பண்ண ஆவாரம்பட்டை ஊறுன தண்ணி நெறம். கறை இருந்தாலும் செவுத்தோட செவுரா போயிரும். ஒங்க வீட்டுச் சோறே இந்தத் தண்ணியிலதானே வெந்துச்சு, தம்பி?"

பாரூக் அந்தத் தோலை வாங்கி நெடுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தான். "அத்தா கை எந்நேரமும் இந்த நெறந்தான்" என்றான். "சரி, அடிங்க."

மஞ்சள்காவி, செங்காவி, ஒரு சிட்டிகை அடுப்புக்கரி. ஆறு ஓட்டுச்சில்லுகள் வீணாயின. ஏழாவது சில்லு தோல்துண்டின் பக்கத்தில் ஒன்றாகக் கலந்துகொண்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. உள்ளே பிரியாணி மணத்தது. வெள்ளியன்று இவருக்குக் கறி ஆகாது என்று நஜ்முன்னிசா தனியாக ரசம் வைத்து அனுப்பியிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து, கல்யாணத்துக்கு முந்தின நாள், சுவரைப் பார்க்க வந்தார். எண்ணெய் தன் வேலையைச் செய்திருந்தது. ஆனால் இடம் தெரிந்தவர் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பாரூக் இரண்டு தடவை தேடிவிட்டு, "எங்க போச்சுண்ணே அந்தக் கறை? கெட்டிக்காரர்தான்" என்றான். திரை கொஞ்சம் விலகியிருந்தது.

இருதயநாதன் வழக்கம்போல் உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி, கோடியிலிருந்து தேய்த்துக்கொண்டு, குனிந்தபடியே நடந்தார். நடுச்சுவர் வந்ததும் கை தானாகச் சுவரைவிட்டு விரற்கடை தூரம் எழும்பியது. தட்டு அகல இடத்தை மேலாகவே கடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி சுவரில் படிந்தது.