பந்திப்பூருக்குப் போன கம்பளிக் கோட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில், பந்திப்பூர் தேசியப் பூங்காவுக்குப் போக முடிவு செய்தோம். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி கேட்டது அது ஒன்றுதான்: காட்டில் திரியும் யானையைப் பார்க்க வேண்டும். அவளுக்கு இழுப்பு உண்டு. நெல்லித்தோப்பில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், "போய்ட்டு வாங்க. நெஞ்சுல குளிர் ஏறாம பாத்துக்குங்க. அங்க இழுத்துதுன்னா ஆஸ்பத்திரிக்கு ரொம்ப தூரம் போவணும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

எதையும் முறையாகச் செய்கிறவன் நான். எங்கள் ஊரில் டிசம்பர் என்றால் மழை. அவளுக்கு இழுப்பு வருவதும் மழை ஈரத்தில்தான். ஆகவே மழைக்குத் தயாரானேன். குடைகள், பிளாஸ்டிக் மழைக்கோட்டுகள், துணிமணிகளைச் சுற்றப் பாலிதீன் தாள், ரப்பர் செருப்பு. எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அக்கா உறைமோர் வாங்க வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற அவருடைய கணவர் அதற்கு முந்தைய வருடம்தான் இறந்திருந்தார்.

அக்கா கட்டிலைப் பார்த்தார். "இன்னா தம்பி, காட்டுக்குப் போறியா, மீன் புடிக்கப் போறியா?"

"மழை வந்தா என்னக்கா பண்றது?"

"என் தங்கச்சிய மைசூர்லதான் குடுத்திருக்கு. அந்தப் பக்கம் மழை முடிஞ்சி இப்ப பனி. வெடிகாலைல பல்லு கிடுகிடுன்னு ஆடும். இவளுக்குக் கம்பளி எங்க?"

எங்கள் வீட்டில் கம்பளி என்று ஒன்று இருந்ததே இல்லை. அக்கா உறைமோரை மறந்துவிட்டுப் போய், கணவரின் நீண்ட கம்பளிக் கோட்டோடு திரும்பினார். அந்துருண்டை வாசனை அறையை நிறைத்தது. என் மனைவி வாங்கத் தயங்கினாள்.

"அண்ணனோடதுக்கா..."

"பொட்டில கெடந்தா பூச்சிதான் தின்னும். போட்டுக்கோடி."

பந்திப்பூரில் மழையே இல்லை. விடியும்போது திறந்த வேனில் ஏறினோம். பனியில் எதிரே இருந்த மரங்கள்கூடத் தெரியவில்லை. கோட்டு அவளுக்குக் கணுக்கால் வரை வந்தது. விரல்கள் கோட்டின் கைக்குள் மறைந்துபோயின. கம்பளிக்குப் பதில் நான் மழைக்கோட்டைப் போட்டிருந்தேன். பிளாஸ்டிக் குளிர்ந்து உடம்போடு ஒட்டியது. என் நடுக்கத்தைப் பார்த்து அவள் கோட்டின் ஒரு பக்கத்தைத் திறந்தாள்.

"உள்ள வாங்க. மழை வந்தா உங்க கோட்டுக்குள்ள நான் வர்றேன்."

ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். மூங்கில் ஒடியும் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து யானைகள் ஒவ்வொன்றாகப் பாதைக்கு வந்தன. எல்லோரும் அவற்றைப் பார்த்தார்கள். நான் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இழுப்பு வரும்போது கேட்கும் அந்த மெல்லிய விசில் சத்தம் எப்போது தொடங்குமோ என்று காத்திருந்தேன். யானைகள் பாதையைக் கடந்து போகும்வரை அது வரவே இல்லை.

ஊர் திரும்பியதும் கோட்டை மாடியில் வெயில் காட்டி, மடித்து, மைசூர்பாகோடு எடுத்துப் போனோம். அக்கா அதைக் கையில் வாங்கும் முன்பே கேட்டார்.

"இழுத்துதா?"

"இல்லக்கா. ஒரு நாளுகூட இழுக்கல" என்றாள் என் மனைவி.

அக்கா கோட்டை மடியில் வைத்து ஒருமுறை தடவினார். பிறகுதான் சிரித்தார். "செரி, எத்தினி யானை?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எதையும் எண்ணிக் குறித்து வைக்கிறவன் நான். அன்று எண்ணவே இல்லை. என் மனைவிதான் சொன்னாள்: "ஆறுக்கா. ஒண்ணு குட்டி."